கண்டென்சர் சோதிக்க ஈஎஸ்ஆர் மீட்டரா, டிரான்சிஸ்டர் டெஸ்டரா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் டிவி சர்வீஸ் செய்கிறேன். ஏடிமெகா328 சிப் வைத்த டிரான்சிஸ்டர் டெஸ்டரை முதலில் வாங்கினேன், ஈஎஸ்ஆரை, அதாவது கண்டென்சருக்கு உள்ளேயே இருக்கும் மின்தடையை, அளக்கும் தனி மீட்டர் அப்புறம் வந்தது. இப்போது கை முதலில் மீட்டருக்குத்தான் போகிறது.

டெஸ்டர் நல்ல சாமான்தான். விலை குறைவு, டிரான்சிஸ்டரின் கால் எது என்று அதுவே சொல்லும், கண்டென்சரின் கொள்ளளவை மைக்ரோ ஃபாரட்டில் காட்டும், கூடவே ஈஎஸ்ஆரையும் காட்டும். ஆனால் பார்ட்டைக் கழற்றித்தான் வைக்க வேண்டும். அங்கேதான் எனக்குச் சிக்கல்.

கடலூர் உப்புக்காற்றில் நாலைந்து வருடம் ஓடிய பவர் போர்டில் செம்பு ஏற்கெனவே பச்சை பூத்திருக்கும். கண்டென்சரை ஒவ்வொன்றாகச் சூடாக்கி உருவினால், அதன் கால் ஒட்டியிருக்கும் செம்புப் பொட்டான பேடும் கூடவே பெயர்ந்து வரும். ஒரு போர்டில் எனக்கு இரண்டு பேடு போய், ஒயர் இழுத்து ஒட்டினேன். கழற்றிய கண்டென்சரைச் சோதித்தால் அது நன்றாகவே இருந்தது, வயிறு எரிந்தது.

மீட்டர் 100 கிலோஹெர்ட்ஸ் சிக்னலை மிகக் குறைந்த வோல்டேஜில் அனுப்புகிறது. பக்கத்து டயோடும் டிரான்சிஸ்டரும் அதற்குத் திறந்துகொள்ளாது, ஆகவே போர்டில் இருக்கும்போதே ப்ரோபை வைத்துப் பார்க்கலாம். 1000 மைக்ரோ ஃபாரட், 16 வோல்ட் கண்டென்சர் 0.1 ஓமை ஒட்டிக் காட்ட வேண்டும், 2 ஓம் காட்டினால் தலை உப்பாமல் இருந்தாலும், மல்டிமீட்டர் 900 மைக்ரோ ஃபாரட் என்று சொன்னாலும், தூக்கிவிடுவேன். பத்து நிமிஷம் கழித்து ஆன் ஆகும் டிவியில் பெரும்பாலும் இதுதான் வியாதி, சூடேறினால் ஈஎஸ்ஆர் இறங்கிவிடும்.

மீட்டரும் ஏமாற்றும். ஷார்ட் ஆன கண்டென்சர் அதில் நல்ல கண்டென்சர் போலவே தெரியும், அதனால் மல்டிமீட்டரில் ஓம்ஸும் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று கண்டென்சர் பேரலலாக இருந்தால் நல்லது கெட்டதை மறைத்துவிடும், அங்கே ஒரு காலையாவது தூக்கித்தான் ஆக வேண்டும். இன்வெர்ட்டர் ஏசி போர்டு நான் பார்த்தது மூன்று நாலுதான், அதை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன்.

மெயின் கண்டென்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். ரெசிஸ்டர் வைத்து இறக்கி, மல்டிமீட்டரில் உறுதி செய்யாமல் இரண்டில் எதையும் கிட்டே கொண்டு போகாதீர்கள், டெஸ்டர் ஒரே தொடுதலில் போய்விடும். அப்புறம் ப்ரோப் முனை, நம்ம ஊர்க் காற்றில் சீக்கிரம் கருத்துவிடும், அரை ஓம் சும்மாவே கூடும். காலையில் முனையை உப்புத்தாளில் தேய்த்து, இரண்டையும் ஒன்றோடொன்று அழுத்தி, பூஜ்யம் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் நான் முதல் போர்டை எடுக்கிறேன்.