ஐடிஇ, சாட்டா, என்விஎம்இ: எதற்குக் காசு செலவழிக்கலாம்?

சிவகாசியில் வீட்டிலிருந்தே டிடிபி வேலை செய்கிறேன். காலண்டர், கல்யாணப் பத்திரிகை, பட்டாசுப் பெட்டி லேபிள் எல்லாம் வரும். மேசையில் ஒரு பென்டியம் 4, ஒரு கோர் 2 டுவோ, போன வருடம் வாங்கிய புதுக் கணினி என்று மூன்றும் ஓடுகின்றன. மூன்றிலும் டிஸ்க் மாட்டும் விதம் வேறு: ஐடிஇ, சாட்டா, என்விஎம்இ. அதனால் "டிஸ்க்கை மாற்றினால் வேகம் கூடுமா?" என்று கேட்கும் நண்பர்களுக்கு நேரில் பார்த்ததையே சொல்ல முடிகிறது.

பென்டியம் 4-இல் இருப்பது ஐடிஇ. அகலமான ரிப்பன் கேபிள், 40 ஊசி. வேகம் கூடிய பிறகு வந்த கேபிளில் 80 கம்பிகள் இருக்கும்; கூடுதலான 40-ம் எர்த் கம்பிகள், பக்கத்துக் கம்பியின் சிக்னல் கலந்துவிடாமல் காப்பதற்கு. ஒரே கேபிளில் டிஸ்க்கும் சிடி டிரைவும் மாட்டினால் ஜம்பர் (டிஸ்க்கின் பின்புற ஊசிகளில் செருகும் சின்ன மூடி) வைத்து மாஸ்டர், ஸ்லேவ் என்று பிரிக்க வேண்டும். அப்போதும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் தரவு அனுப்பும். உச்ச வேகம் நொடிக்கு 133 எம்பி.

2003 வாக்கில் சாட்டா வந்தது. 7 முனை கொண்ட ஒல்லியான கேபிள், ஜம்பர் தொல்லை இல்லை, கேபினெட்டுக்குள் காற்றும் நன்றாகப் போகும். வேகம் 150, 300, பிறகு 600 எம்பி என்று ஏறியது. ஆனால் இந்த எண்களை நம்பி, சுழலும் டிஸ்க்கை மட்டும் மாற்றிப் பயன் இல்லை. என் கோர் 2 டுவோவில் இருந்த 500 ஜிபி டிஸ்க் தொடர்ந்து படிக்கும்போதே 100 எம்பியைச் சுற்றித்தான் கொடுத்தது. அந்த அளவை ஐடிஇ கேபிளே சுமந்திருக்கும். தாமதம் கேபிளில் இல்லை, டிஸ்க்குக்குள் சுழலும் தட்டில் இருக்கிறது. நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 8 மில்லி நொடிக்கு மேல் ஆகும். தரவைப் படிக்கும் தலை நகரும் நேரம் வேறு. என் கணினியில் நூற்றுக்கணக்கான தமிழ் எழுத்துருக்கள் உண்டு. டிசைன் செய்யும் கோரல்டிரா மென்பொருளைத் திறக்கும்போது அத்தனை சின்னச் சின்னக் கோப்புகளுக்கும் தலை அங்கும் இங்கும் ஓட வேண்டும். அதற்குள் டீ போட்டுக்கொண்டு வந்துவிடலாம்.

அதே கோர் 2 டுவோவில் சாட்டா எஸ்எஸ்டி (தட்டுக்குப் பதில் மெமரி சிப்பில் தரவை வைக்கும் டிஸ்க்) மாட்டினேன். அந்த மதர்போர்டில் இருப்பது 300 எம்பி போர்ட்தான், எஸ்எஸ்டியின் முழு வேகம் அதில் வராது. வராவிட்டால் என்ன? சுழலும் தட்டே இல்லாததால் எழுத்துருப் பட்டியல் சட்டென்று வந்து நிற்கிறது. "பழைய போர்டு, எஸ்எஸ்டி போட்டு வீண்" என்று கடையில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வீட்டுக் கணினிக்கு நான் பார்த்ததிலேயே பெரிய மாற்றம் இதுதான்.

புதுக் கணினியில், மதர்போர்டிலேயே செருகும் எம்.2 ஸ்லாட்டில் என்விஎம்இ வகை எஸ்எஸ்டி. கேபிளே கிடையாது, பிசிஐஇ என்ற மதர்போர்டின் வேகமான பாதை வழியாக நேரே பேசுகிறது. நொடிக்கு 3,000 எம்பிக்கு மேல் படிக்கிறது. அச்சுக்குப் போகும் பெரிய பிடிஎஃப் கோப்புகளை நகல் எடுக்கும்போது அந்த வேகம் தெரிகிறது. ஆனால் கணினி ஆன் ஆகும் நேரத்திலும் கோரல்டிரா திறப்பதிலும் சாட்டா எஸ்எஸ்டியோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இல்லை. புதிதாக வாங்குபவர்கள் என்விஎம்இ வாங்கட்டும். நல்ல சாட்டா எஸ்எஸ்டி ஏற்கெனவே இருந்தால், ஆபீஸ் வேலைக்காக அதைக் கழற்ற வேண்டியதில்லை.

வாங்கும் முன் போர்டின் கையேட்டைப் பாருங்கள். எம்.2 வடிவத்திலேயே சாட்டா வகையும் உண்டு, என்விஎம்இ வகையும் உண்டு. சில ஸ்லாட்டுகள் ஒன்றை மட்டுமே ஏற்கும். சில போர்டுகளில் எம்.2 மாட்டினால் ஒரு சாட்டா போர்ட் வேலை செய்யாது.

அப்புறம், பரணில் ஐடிஇ டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. அதில் பழைய போட்டோவோ கணக்கோ இருந்தால் இப்போதே நகல் எடுத்துவிடுங்கள். யுஎஸ்பி அடாப்டர் இன்னும் கிடைக்கிறது. 3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் தேவை, அதனால் தனி பவர் அடாப்டரோடு வரும் செட்டாகக் கேட்டு வாங்குங்கள். டிஸ்க் தெரியவில்லை என்றால் ஜம்பரை மாஸ்டரில் வைத்துப் பாருங்கள்.