மேத்ஜாக்ஸா, கேடெக்கா, வெறும் மேத்எம்எல்லா?

வலைப்பக்கத்தில் அரை என்று எழுத வேண்டும்: மேலே 1, நடுவில் கோடு, கீழே 2. வலைப்பக்கத்துக்கான கணிதக் குறிமொழியான மேத்எம்எல்லில் கையால் அடித்தால் எம்ஃப்ராக் டேக்கைத் திறந்து, உள்ளே எம்என் திறந்து 1 போட்டு மூடி, மறுபடி எம்என் திறந்து 2 போட்டு மூடி, கடைசியில் எம்ஃப்ராக்கையும் மூட வேண்டும். கணிதக் கட்டுரைகளைத் தட்டச்சு செய்யப் பயன்படும் லேடெக்கில் ஒரு பின்சாய்கோடு, ஃப்ராக், இரண்டு ஜோடி நெளி அடைப்பு, அவ்வளவுதான். இருபடிச் சமன்பாட்டுச் சூத்திரத்தை மேத்எம்எல்லில் டைப் செய்து பாருங்கள், ± வருவதற்குள் கை ஓய்ந்துவிடும்.

ஆனால் லேடெக் பிரவுசருக்குப் புரியாது, நடுவில் மொழிபெயர்க்க ஆள் வேண்டும். அந்த வேலையைச் செய்யும் ஸ்கிரிப்டுகள்தான் மேத்ஜாக்ஸும் கேடெக்கும். மேத்ஜாக்ஸுக்கு லேடெக் கட்டளைகள் நிறையத் தெரியும், பார்வையற்றவர்கள் சமன்பாட்டைத் துண்டு துண்டாகக் கேட்கவும் வசதி உண்டு. கனம்தான் சிக்கல்: பக்கம் திறந்ததும் டாலர் குறிகளாகத் தெரிந்து, அப்புறம் சமன்பாடாக மாறும்போது வரிகள் குதிக்கும். 2014-இல் கான் அகாடமி வெளியிட்ட கேடெக் சட்டென்று முடித்துவிடும், தெரிந்த கட்டளைகள் மட்டும் கொஞ்சம் குறைவு.

கேடெக்கில் நான் ஒரு மாலைப்பொழுதைத் தொலைத்திருக்கிறேன். எல்லாச் சமன்பாடும் இரண்டிரண்டு முறை வந்தது, நான்தான் இருமுறை ஒட்டிவிட்டேன் என்று நினைத்து மூலத்தில் தேடித் தேடிப் பார்த்தேன். காரணம், பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் கோப்பை இணைக்க மறந்திருந்தேன். கேடெக் திரைவாசிப்பானுக்கு மேத்எம்எல், கண்ணுக்கு எச்டிஎம்எல் என இரண்டையும் பக்கத்தில் வைக்கும். முதலாவதை மறைப்பதே அந்த சிஎஸ்எஸ்தான்.

சரி, அந்த மேத்எம்எல் மட்டும் போதாதா? முன்பு போதாது. 1998-லேயே, வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாக வந்தும், குரோம் 2013-இல் அதைத் தூக்கிவிட்டது. 2023 ஜனவரியில் 109-ஆம் பதிப்பில்தான் திரும்பக் கொண்டுவந்தது. ஃபயர்ஃபாக்ஸிலும் சஃபாரியிலும் ஏற்கெனவே இருந்தது. அதனால் இப்போது நான் லேடெக்கில் எழுதி, தளத்தை உருவாக்கும்போதே கேடெக்கை மேத்எம்எல் மட்டும் தரச் சொல்லிவிடுகிறேன். வாசகரின் போனுக்கு ஸ்கிரிப்டும் போகாது, கேடெக்கின் எழுத்துருவும் போகாது. கணினிக்குக் கணினி வர்க்கமூலக் குறியின் அழகு கொஞ்சம் மாறும், எனக்கு அது பரவாயில்லை. பாடப்புத்தக அச்சு போலவே எல்லா இடத்திலும் தெரிய வேண்டும் என்பவர்கள் கேடெக்கின் முழு வடிவத்தையே வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய மேத்எம்எல் பக்கம் கையில் இருந்தால் அடைப்புக்குறி போடும் எம்ஃபென்ஸ்டு டேக் இருக்கிறதா என்று ஒருமுறை தேடிவிடுங்கள். குரோம் அதைக் கண்டுகொள்ளாது, அடைப்புக்குறிகள் சத்தமில்லாமல் காணாமல் போய் 2(3+4) என்பது 23+4 ஆக நிற்கும்.