பொம்மையைத் திரும்பப் பெறுகிறார்களாம், வாங்கிய எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை

வாயில் வைத்துக் கடிக்கும் வயதில் வீட்டில் குழந்தை இருந்தால் தயவுசெய்து இதை முழுவதும் படியுங்கள். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், ஆனால் பாதியில் விட்டுவிடாதீர்கள்.

என் மகனுக்கு ஒரு வயது நெருங்கும்போது இணையத்தில் ஒரு மர வண்டி வாங்கினேன். கயிறு கட்டி இழுக்கும் வண்டி, மேலே அடுக்குவதற்குச் சிவப்பு, மஞ்சள், பச்சைக் கட்டைகள். பெட்டியில் "நச்சில்லாத வண்ணம்" என்று பெரிதாகப் போட்டிருந்தது, பிளாஸ்டிக்கைவிட மரம் நல்லது என்ற நினைப்பும் எனக்கு இருந்தது, அதனால் மேற்கொண்டு எதையும் பார்க்கவில்லை. பல் முளைக்கும் நேரம். அந்த மஞ்சள் கட்டையை அவன் விடவே மாட்டான், தூங்கும்போதுகூடக் கையில் இருக்கும், ஓரமெல்லாம் பல் பட்டு வண்ணம் உதிர்ந்து வெறும் மரம் தெரிய ஆரம்பித்தது. எவ்வளவு ஆசையாகக் கடிக்கிறான் என்று நானே போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். இப்போது அந்தப் போட்டோவைத் திறக்கவே மனம் வரவில்லை.

ஏழு மாதம் கழித்து ஒரு சக்கரம் கழன்று காணாமல் போய்விட்டது. உதிரிச் சக்கரம் கிடைக்குமா என்று வண்டியின் அடியில் இருந்த பேட்ச் எண்ணைப் போட்டுத் தேடினேன். சக்கரம் கிடைக்கவில்லை, ரீகால் அறிவிப்பு, அதாவது விற்ற பொருளைத் திரும்பப் பெறும் அறிவிப்பு கிடைத்தது. மஞ்சள், சிவப்பு வண்ணங்களில் அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் ஈயம் இருப்பதாகவும், குழந்தைகளிடமிருந்து உடனே எடுத்துவிட வேண்டும் என்றும் போட்டிருந்தது. அதே படம், அதே எண். தேதியைப் பார்த்தேன், நான்கு மாதம் பழைய அறிவிப்பு. அந்த நான்கு மாதமும் என் பிள்ளை அதைக் கடித்துக்கொண்டிருந்தான்.

ஈயம் என்றால் பாத்திரத்துக்குப் பூசும் வெள்ளீயம் இல்லை, இது காரீயம். நிறம் பளிச்சென்று எடுக்கவும், வெளுக்காமல் நிற்கவும், வண்ணம் சீக்கிரம் காயவும் இதன் சேர்மங்களைப் பெயின்ட்டில் கலப்பது பழைய வழக்கம், அதிலும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பில்தான் அதிகம் வரும். உள்ளே போன ஈயத்தை உடம்பு கால்சியம் என்று நினைத்து எலும்பில் சேர்த்துவைத்துக்கொள்கிறது. ரத்தத்தில் ஒரு மாத வாக்கில் பாதியாகக் குறைந்தாலும் எலும்பில் போனது பல வருடங்கள் அங்கேயே இருக்கும். விழுங்கிய ஈயத்தைப் பெரியவர்கள் உடம்பு உறிஞ்சுவதைப்போல 4 முதல் 5 மடங்கு வரை சிறு குழந்தைகள் உடம்பு உறிஞ்சும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, இந்த அளவு வரை பாதிப்பில்லை என்று ஒரு எல்லையே கிடையாது என்றும் சொல்கிறது. பாதிப்பு மூளை வளர்ச்சியில், கவனத்தில், படிப்பில். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, பிள்ளை நன்றாகச் சாப்பிடும், ஓடி விளையாடும்.

சரி, கடைக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று சொல்கிறேன். என் மின்னஞ்சல், கைபேசி எண், வீட்டு முகவரி எல்லாம் அவர்களிடம் இருக்கிறது. தள்ளுபடி, புதுவரவு என்று வாரம் நான்கைந்து செய்தி தவறாமல் அனுப்புகிறார்கள். இந்த ஒரு செய்தியை அனுப்பவில்லை. வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தால் திருப்பி அனுப்பும் 30 நாள் கெடு முடிந்துவிட்டது என்றார்கள். இது பிடிக்காமல் திருப்பித் தருவதில்லை, விஷம் இருப்பதால் தருகிறேன் என்று மூன்று பேரிடம் மூன்று முறை முதலிலிருந்து சொன்னேன். கடைசியில், விற்றது நாங்கள் இல்லை, எங்கள் தளத்தில் கடை போட்டிருக்கும் விற்பனையாளர், அவரைக் கேளுங்கள் என்றார்கள். அந்த விற்பனையாளரோ தயாரிப்பாளரைக் கைகாட்டினார். தயாரிப்பாளர் பக்கத்தில் ஒரு படிவம், நிரப்பினால் அதே நிறுவனத்தின் வேறு பொம்மைக்குக் கூப்பன் தருவார்களாம், பணம் கிடையாது.

கூப்பனை நான் வாங்கவில்லை, அதற்குக் காரணம் உண்டு. 2007இல் அமெரிக்காவில் வரிசையாக நடந்த ரீகால்களைத் தேடிப் படித்திருந்தேன். ஜூன் மாதம் ஆர்சி2 என்ற நிறுவனம் தாமஸ் மர ரயில் பொம்மைகள் சுமார் 15 லட்சத்தைத் திரும்பப் பெற்றது, அங்கேயும் சிக்கல் சிவப்பு, மஞ்சள் வண்ணத்தில்தான். பொம்மையைத் திருப்பி அனுப்பிய பெற்றோர்களுக்கு மன்னிப்பாக ஒரு இலவசப் பொம்மை அனுப்பினார்கள், அந்த இலவசப் பொம்மைகளில் சிலவற்றிலும் ஈய வண்ணம் இருந்து செப்டம்பரில் அவற்றையும் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அதே வருடம் ஆகஸ்டில் மேட்டல் நிறுவனத்தின் ஃபிஷர்-பிரைஸ் பொம்மைகள் ஒன்பதரை லட்சத்துக்கு மேல் திரும்பப் பெறப்பட்டன. பெரிய பிராண்டு என்று நம்பி வாங்கியவர்கள்தான் எல்லாரும். அதற்குப் பிறகுதான் 2008இல் அங்கே சட்டம் கடுமையாகி, பெயின்ட்டில் ஈயத்தின் உச்சவரம்பு பத்து லட்சத்தில் 600 பங்கிலிருந்து 90 பங்காகக் குறைந்தது. சட்டம் இருந்தும் இன்றுவரை ரீகால்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

அப்புறம் மகனுக்கு ரத்தப் பரிசோதனை. ஒரு டெசிலிட்டர் (100 மில்லி) ரத்தத்தில் 6.1 மைக்ரோகிராம் ஈயம் என்று வந்தது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கவனிக்க வேண்டிய அளவு என்று வைத்திருப்பது 3.5, அதுவும் 2021இல் குறைத்தது, 2012க்கு முன்பு 10 என்று இருந்தது. கொஞ்சம் முன்னால் பிறந்திருந்தால் இவனை நார்மல் என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. ஈயத்தை வெளியேற்றும் மருந்தெல்லாம் 45க்கு மேல் போனால்தான், இந்த அளவுக்கு மருந்து தேவையில்லை, ஈயம் வரும் வழியை அடைத்து இரும்பும் கால்சியமும் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் மருத்துவர். மூன்று மாதம் கழித்து மறுபடி எடுத்தபோது 3.9. குறைகிறது. முழு நிம்மதி இன்னும் வரவில்லை.

நீங்கள் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்றுதான், வீட்டில் இருக்கும் பொம்மைகளைத் திருப்பி அடியைப் பாருங்கள். தயாரிப்பாளர் பெயர், பேட்ச் எண், தயாரித்த தேதி இருந்தால் போட்டோ எடுத்துவைத்து, அந்தப் பெயரையும் எண்ணையும் போட்டு உங்கள் நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பின் ரீகால் பட்டியலில் தேடுங்கள். ஒருமுறை தேடினால் போதாது, சில மாதத்துக்கு ஒருமுறை தேட வேண்டும், ஏனென்றால் விற்றுப் பல மாதம் கழித்துத்தான் அறிவிப்பே வருகிறது. பெயரும் எண்ணும் எதுவுமே இல்லாத வண்ணப் பொம்மையை வாயில் வைக்கும் குழந்தையிடம் நான் இனி கொடுக்கமாட்டேன். யாரோ அன்போடு கொடுத்த பழைய பொம்மைக்கும் இதே கணக்குத்தான், வண்ணம் உரிந்திருந்தால் இன்னும் மோசம்.

வீட்டிலேயே தேய்த்துப் பார்க்கும் சோதனைக் குச்சிகளை நானும் வாங்கினேன், நிறம் மாறவில்லை, ஒரு நாள் முழுக்க சந்தோஷமாக இருந்தேன். அந்தக் குச்சிகளை நம்ப முடியாது என்று அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2007லேயே சோதித்துச் சொல்லியிருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். வண்ணத்தைச் சுரண்டிவிட்டு மரத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று என் வீட்டிலேயே ஒரு யோசனை வந்தது, அதை மட்டும் செய்துவிடாதீர்கள், சுரண்டினால் தூள் பறந்து வீடு முழுக்கப் படியும். பொம்மை இருந்த இடத்தை ஈரத்துணியால் துடையுங்கள், பிள்ளையின் கையை அடிக்கடி கழுவிவிடுங்கள். தயவுசெய்து அந்தப் பொம்மையைப் பழைய பொருளாக விற்கவோ, தானமாகக் கொடுக்கவோ வேண்டாம், அது இன்னொரு பிள்ளையின் வாய்க்குத்தான் போகும்.

எங்கள் வண்டியைப் பையில் போட்டுக் கட்டி, எண் தெரியும்படி அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன், புகார் விசாரணையில் கேட்டால் கொடுப்பதற்காக. நேற்று அந்தத் தளத்தில் மறுபடி பார்த்தேன். வேறு பெயரில், வேறு விற்பனையாளர் பெயரில், அதே வண்டி அதே படத்தோடு விற்பனையில் இருக்கிறது. கீழே மதிப்புரையில் ஓர் அம்மா எழுதியிருக்கிறார், பல் முளைக்கும் பிள்ளைக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது என்று. அவருக்குப் பதில் எழுதினேன், எண்ணையும் அறிவிப்பின் தேதியையும் சேர்த்து. ஒரு மணி நேரத்தில் என் பதிலை நீக்கிவிட்டார்கள். மறுபடி எழுதியிருக்கிறேன்.