"காஸ் குறைஞ்சிருக்கு முதலாளி" என்று சொல்பவரிடம் தெர்மோமீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள்

நுவரெலியா, கந்தப்பளை, இராகலைப் பக்கம் குளிர் அறை வைத்துத் தொழில் செய்பவர்களுக்காக எழுதுகிறேன். கேஜை (அழுத்தம் காட்டும் கருவியை) மாட்டி, ஊசியைப் பார்த்து, அடுத்த நொடியே காஸ் குறைவு என்று தீர்ப்புச் சொல்லும் மெக்கானிக் வந்தால், கல்லாப்பெட்டியை உடனே திறக்காதீர்கள்.

எங்களுடையது சின்ன அறை. ஸ்ட்ராபெரி, யோகட், விடுதிகளுக்குக் கொடுக்கும் பால், அவ்வளவுதான். ஆர்-134ஏ என்ற குளிரூட்டும் காஸில் ஓடுகிறது. ஜனவரியில் குளிர் பிடிக்காமல் போனது. டவுனில் பலருக்கும் வேலை செய்கிறவர் ஒருவரைக் கூப்பிட்டோம். பனி விலகாத காலையில் வந்தார். லோ சைடில், அதாவது கம்ப்ரசருக்குக் காஸ் திரும்பி வரும் குறைந்த அழுத்தப் பக்கத்தில், கேஜ் 6 பி.எஸ்.ஐ. (அழுத்த அளவு) காட்டியது. "பதினஞ்சுக்கு மேல நிக்கணும்" என்றார், காஸ் அடித்தார், பில்லை நீட்டினார். கசிவு எங்கே என்று தேடவில்லை, சோப்பு நுரைகூடப் பூசிப் பார்க்கவில்லை. காஸ் என்ன, வண்டிக்கு அடிக்கும் பெட்ரோலா, ஓட ஓடத் தீர்வதற்கு? மூடிய குழாய்க்குள் சுற்றுகிற பொருள் குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்க வேண்டும்.

சில நாள் நன்றாகக் குளிர்ந்தது. அப்புறம் பழைய கதை. திரும்பவும் வந்தார், திரும்பவும் காஸ், திரும்பவும் பில். கடைசியில் கம்ப்ரசர் சத்தம் போடத் தொடங்கியதும், "இது போச்சு முதலாளி, புதுசு போடணும்" என்று ஒரு விலை சொன்னார். சித்திரை சீசன் நெருங்கும் நேரம். அந்த விலையைக் கேட்டு எனக்கு வியர்த்தது, நுவரெலியாக் குளிரிலும்.

ஹோட்டல் ஒன்றில் குளிர்சாதன வேலை பார்க்கும் அண்ணன் மகனை வரச் சொன்னேன். அவன் கேஜோடு, பைப்பைக் கவ்விப் பிடிக்கும் தெர்மோமீட்டர்களும் கொண்டுவந்தான். முதல் கேள்வியே இதுதான்: "சித்தப்பா, அவர் பைப்போட டெம்பரேச்சர் பார்த்தாரா?" இல்லை என்றேன். "அப்ப அவர் பாதிதான் பார்த்திருக்கார்."

அவன் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். குழாய்க்குள் திரவமும் ஆவியும் சேர்ந்திருக்கும் இடத்தில், அழுத்தம் தெரிந்தால் வெப்பநிலையும் தெரிந்துவிடும். ஆர்-134ஏ மைனஸ் 10 பாகையில் கொதிக்கும்போது, கடல் மட்டத்தில் கேஜ் 14 பி.எஸ்.ஐ.யை ஒட்டிக் காட்டும். அதற்கான அட்டவணை எல்லா மெக்கானிக்குகளிடமும் இருக்கும், போனிலும் கிடைக்கும். ஆனால் அட்டவணை சொல்வது உள்ளே காஸ் கொதிக்கும் வெப்பநிலையை மட்டுமே. பைப்பின் வெப்பநிலையைத் தனியாக அளந்து இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தால்தான் காஸ் குறைவா கூடுதலா என்று சொல்ல முடியும்.

இன்னொன்று, இது மலைநாட்டுக்கே உரியது. நுவரெலியா 1868 மீற்றர் உயரம். கடல் மட்டத்தில் 14.7 பி.எஸ்.ஐ. இருக்கும் காற்றழுத்தம் இங்கே சுமார் 12தான். அதனால் உள்ளே நிலைமை ஒன்றாக இருந்தாலும் கேஜ் இங்கே ஏறக்குறைய 3 பி.எஸ்.ஐ. கூட்டிக் காட்டும். அதைக் கழித்துவிட்டுத்தான் அட்டவணைக்குப் போக வேண்டும். கொழும்பில் மனப்பாடம் செய்த "பதினஞ்சு" இங்கே எப்படிப் பொருந்தும்?

அவன் பார்த்தபோது லோ சைடில் 16. மூன்றைக் கழித்தால் 13, அதாவது மைனஸ் 11 பாகை. கம்ப்ரசர் வாயிலுள்ள பைப் மைனஸ் 10. ஒரே ஒரு பாகைதான் வித்தியாசம். காஸ் குறைவென்றால் திரவம் அறைக்குள் குளிர் தரும் குழாய்ச் சுருளான காயிலின் பாதியிலேயே கொதித்துத் தீர்ந்து, வெளியே வரும் ஆவி நன்றாகச் சூடேறியிருக்கும். இங்கே கொதிக்காத திரவமே கம்ப்ரசருக்குள் போய்க்கொண்டிருந்தது. சத்தத்துக்குக் காரணம் அதுதான். ஹை சைடில், அதாவது கம்ப்ரசர் காஸை அழுத்தி அனுப்பும் பக்கத்தில் 150. அதிலும் மூன்றைக் கழித்துப் பார்த்தால் 44 பாகை. வெளியே 18 பாகைக் குளிர். வெப்பத்தை வெளியே விட்டு காஸைத் திரவமாக்கும் கண்டென்சரிலிருந்து வரும் குழாய் 24. இருபது பாகை இடைவெளி! தேவைக்கு மேல் அடித்த காஸ் கண்டென்சரில் தேங்கிக் கிடந்திருக்கிறது.

அப்படியென்றால் முதல் நாள் காட்டிய 6? அறைக்குள் காயிலின் மூடியைக் கழற்றினான். இரண்டு ஃபேனில் ஒன்று செத்துப்போய், காயிலில் பாதி ஐஸ் கட்டியிருந்தது. காற்று படாத காயில் வெப்பத்தை எடுக்காது, காஸ் சரியாகக் கொதிக்காது, அழுத்தம் விழும். விடியற்காலைக் குளிரில் வெளியே உள்ள கண்டென்சரின் அழுத்தமும் இறங்கி, திரவத்தைத் தள்ளும் வேகம் குறையும். ஊசி இன்னும் கீழே போகும். ஒவ்வொரு தடவையும் சில நாள் குளிர்ந்ததற்குக் காரணம், அவர் வேலை செய்ய மெஷினை நிறுத்தியபோது ஐஸ் கொஞ்சம் உருகியது. காஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஃபேன் மோட்டர் மாற்றினோம். அவர் போட்ட ஒரு பில்லைவிட மலிவு. உள்ளே இருந்த காஸைக் காற்றில் விடாமல் சிலிண்டருக்கு இழுத்து, மெஷினின் தகட்டில் போட்டிருந்த எடைக்குத் தராசு வைத்துத் திரும்ப நிரப்பினான். அந்த மெக்கானிக் விட்டுப்போன பாதி காஸ் போத்தலையும் சந்தேகத்தில் சோதித்தோம். இரவு முழுக்க 15 பாகை அறையில் வைத்துப் பார்த்தால் 59 பி.எஸ்.ஐ. இந்த உயரத்தில் ஆர்-134ஏ காட்ட வேண்டிய அளவு அதுதான். காஸ் நல்ல காஸ், அது நியாயமாகச் சொல்லப்பட வேண்டும். தேவையில்லாத இடத்தில் நல்ல காஸை விற்றிருக்கிறார், அவ்வளவுதான்.

ஆகவே யார் வந்தாலும், ஊசி என்ன காட்டுகிறது என்பதோடு பைப் எத்தனை பாகை, வெளியே எத்தனை பாகை, எத்தனை கிராம் அடித்தீர்கள் என்று கேட்டு பில்லிலேயே எழுதி வாங்குங்கள். சுவரில் என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் தொங்குகிறதா என்று பார்ப்பதைவிட இது பயன்படும். எங்களிடம் காஸ் அடித்தவரின் கடையிலும் சான்றிதழ் அழகாகத்தான் தொங்குகிறது. கம்ப்ரசருக்கு விலை சொன்னால், ஃபேன்களும் காயிலும் திறந்து பார்க்கப்பட்டதா என்று கேளுங்கள்.

அந்த மெக்கானிக்குக்குப் போன் எடுத்துக் கேட்டேன். "அன்னைக்கு ஊசி ஆறுலதானே நின்னிச்சு, நீங்களும் பார்த்தீங்கதானே" என்றார். பணம் திரும்பவில்லை. கம்ப்ரசர் ஓடுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகும்போது முன்பு இல்லாத ஒரு தட்டல் இருக்கிறது. சீசன் தாங்கும், அதற்குமேல் உத்தரவாதம் இல்லை என்று அண்ணன் மகன் சொல்லியிருக்கிறான்.