குறைந்த காசில் பேஸ் கிட்டார் கம்பி: சேலத்திலிருந்து ஒரு நீண்டகால அனுபவம்

ஒரு நல்ல பேஸ் ஸ்ட்ரிங் செட் வாங்கும் காசில் சாதாரண அகூஸ்டிக் கிட்டாருக்கு நாலு செட் வாங்கிவிடலாம். அதில் ஆறு கம்பி, இதில் நாலே கம்பி. புதிதாக பேஸ் பிடிக்கும் பசங்களுக்கு இதுதான் முதல் அதிர்ச்சி. கிட்டாரை எப்படியோ தவணையில் வாங்கிவிடுகிறார்கள்; கம்பி மாற்ற வேண்டும் என்றதும் கையைப் பிசைகிறார்கள். "அண்ணா, கம்மி விலையில எந்த செட்டு வாங்கட்டும்?" என்று கேட்டு வரும் தம்பிகளுக்கு ஆளுக்கொரு முறை சொல்லிவந்ததை இங்கே விரிவாகவே எழுதுகிறேன்.

எனக்குச் சேலம் அம்மாப்பேட்டை. வார நாட்களில் வேறு வேலை. ஞாயிறு காலை தேவாலயத்தில் வாசிப்பேன். மற்றபடி ஒரு லைட் மியூசிக் குழுவில் இருக்கிறேன். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகை சமயத்தில் ஊரெங்கும் மேடை இருக்கும். கோடையிலும் கிறிஸ்துமஸ் நேரத்திலும் ஏற்காட்டில் நிகழ்ச்சி வரும். கிட்டார் நாலு கம்பி, 34 அங்குல ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்), பெரிய விலையில்லை. கம்பிக்கு என்று மாதம் இருநூறு முந்நூறுக்கு மேல் ஒதுக்க முடியாது. இந்தக் கணக்கில் இருப்பவர்களுக்காகத்தான் இந்த அனுபவம்.

சில வருடம் நான் போட்டது 800 ரூபாய்க்குள் கிடைக்கும் செட்டுகள். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை, ஏனென்றால் அதில் சில பாக்கெட் உண்மையிலேயே நன்றாக இருந்தது. சிக்கலும் அங்கேதான். ஒரே பெயர், ஒரே கடை, ஆனால் இந்தப் பாக்கெட் ஒரு மாதிரி, அடுத்த பாக்கெட் வேறு மாதிரி. ஜி, டி, ஏ மூன்றும் அருமையாகப் பேசும். இ கம்பி மட்டும் பாக்கெட்டிலிருந்து வரும்போதே செத்துக் கிடக்கும். ஒரு ஆடி நிகழ்ச்சியில் சவுண்ட் போடும் அண்ணன் மேடைக்கு வந்து, "தம்பி, கீழ் நோட்டு எதுவும் வரல, வெறும் பொத் பொத்துன்னுதான் கேக்குது" என்றார். ஆம்ப்பில் பேஸைக் கூட்டினால் பொத் சத்தம் பெரிதானதே தவிர நோட்டு வரவில்லை.

இதற்குக் காரணம் இருக்கிறது. திறந்த இ கம்பியின் அடிப்படை அதிர்வு சுமார் 41 ஹெர்ட்ஸ். திருவிழா மேடையில் வைக்கும் பெரும்பாலான ஸ்பீக்கர் அந்த அளவுக்குக் கீழே இறங்கிப் பேசாது. நம் காதில் 'இ' என்று விழுவது அதன் மடங்குகள்: 82, 123 என்று மேலே போகும் ஹார்மோனிக்குகள். கம்பியின் சுற்று (நடுக்கம்பிமேல் சுற்றியிருக்கும் உலோக இழை) எங்காவது தளர்வாக இருந்தாலோ அழுக்கு ஏறியிருந்தாலோ முதலில் சாவது அந்த ஹார்மோனிக்குகள்தான். அவை போய்விட்டால் ஈக்வலைசரை எந்தப் பக்கம் திருப்பினாலும் பயன் இல்லை. செட்டிலேயே தடித்த கம்பி இ, சுற்றும் அதில்தான் அதிகம். அதனால் மட்டமான தயாரிப்பு முதலில் பல்லைக் காட்டுவதும் அதில்தான்.

புதுக் கம்பி போட்டதும் ஒரு சோதனை செய்துவிடுங்கள். பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டை) நேர் மேலே விரலை லேசாக வைத்து ஹார்மோனிக் எடுங்கள். அடுத்து அதே ஃப்ரெட்டை அழுத்தி வாசியுங்கள். ட்யூனரில் இரண்டும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். சிறிய வித்தியாசம் என்றால் பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் சேடிலை நகர்த்திச் சரிசெய்யலாம். முள் ஓரிடத்தில் நிற்காமல் அலைந்தால் அந்தக் கம்பியே சரியில்லை. கிட்டாரைக் குறை சொல்லி டெக்னீஷியனிடம் காசு கொடுப்பதற்கு முன் இதைப் பாருங்கள். பழைய கம்பிக்கும் இதே சோதனைதான்.

சரி, கணக்குக்கு வருவோம். 800 ரூபாய் செட் எனக்கு இரண்டு மாதம் ஒழுங்காக நின்றது, மாதம் 400. அப்புறம் டாடாரியோவின் ஈஎக்ஸ்எல் 170 என்ற நிக்கல் செட்டுக்கு மாறினேன். கம்பியின் தடிமன் 45 முதல் 100 வரை, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில். நான் வாங்கியபோது 2,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. அது, கீழே சொல்லும் பராமரிப்போடு, பத்து மாதம் வரை ஓடியது; மாதம் 200 சொச்சம். விலை ஏறலாம், இறங்கலாம். ஆனால் இந்த விகிதம் எனக்கு ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய இப்படியேதான் வந்திருக்கிறது. கையில் 2,000 இல்லாத மாதத்தில் 800 கொடுப்பதுதான் சுலபம், அது எனக்குத் தெரியும். ஆனாலும் சில மாதம் பொறுத்துச் சேர்த்து நல்ல செட்டாக வாங்குங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

பத்து மாதமா, அதற்குள் கம்பி மந்தமாகிவிடாதா என்று கேட்பீர்கள். ஆகும். ஆனால் நாம் வாசிப்பது என்ன என்று யோசியுங்கள். புது ரவுண்ட்வவுண்ட் (உருண்டைச் சுற்றுள்ள சாதாரண வகை) கம்பி முதல் இரண்டு வாரம் கணீரென்று பியானோ போல ஒலிக்கும். கட்டைவிரலால் அடித்து ஸ்லாப் வாசிப்பவருக்கு அது தேவை. எண்பதுகளின் தமிழ்ப் பாட்டுகளில் கேட்கும் பேஸ் அப்படியா? உருண்டு திரண்டு, மிருதங்கத்தின் தொப்பியோடு ஒட்டிப் போகும் சத்தம் அது. தேவாலயப் பாடல்களுக்கும் அந்தக் குரல்தான் பொருந்துகிறது. எனக்குப் பிடித்தது கம்பியின் மூன்றாம் மாதத்திலிருந்து ஏழாம் மாதம் வரையிலான காலம். பளபளப்பு போய்விட்டது என்பதற்காக யாரும் செட் மாற்ற வேண்டாம். சுருதி அலைய ஆரம்பிக்கும்போது, அல்லது நாலு கம்பியில் ஒன்று மட்டும் அமுங்கும்போது மாற்றுங்கள். மோட்டவுன் என்ற அமெரிக்க ரெக்கார்ட் கம்பெனியின் பாட்டுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் அறுந்தால் ஒழிய கம்பி மாற்றாதவர் என்பது பேஸ் வாசிப்பவர்களுக்குத் தெரிந்த செய்தி. அவர் போட்டிருந்தது லா பெல்லா கம்பெனியின் தடித்த ஃபிளாட்வவுண்ட். அந்த வகையில் சுற்று தட்டையாக இருப்பதால் அழுக்கு தங்கப் பள்ளம் குறைவு, வருடக்கணக்கில் ஓடும். முதலில் கொடுக்கும் விலை அதிகம். ஆனால் மெல்லிசை, பக்திப் பாட்டு மட்டுமே வாசிப்பவர் ஒரே ஒரு முறை முதல் போட முடிந்தால் நீண்டகாலத்தில் மலிவு அதுதான்.

அழுக்கு என்று சும்மா சொல்லவில்லை, கண்ணால் பார்த்தேன். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நண்பனிடம் ஒருநாள் கழற்றிய ஏ கம்பியைக் கொடுத்து அவன் லென்ஸில் பார்க்கச் சொன்னேன். சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே கறுப்பாக, ஈரப்பசையோடு, தோலும் வியர்வையும் எண்ணெயும் சேர்ந்த ஒரு மசி. மேல்பக்கத்தைவிட ஃப்ரெட் பலகையைப் பார்க்கும் அடிப்பக்கத்தில் இரண்டு மடங்கு. அதோடு நான் அதிகம் அழுத்தும் மூன்றாம், ஐந்தாம் ஃப்ரெட் இடங்களில் சுற்று தேய்ந்து சின்னச் சின்னத் தட்டைகள். "இந்தக் கறுப்பு போயிடும், இந்தத் தேய்மானம் போகாது" என்றான். அவ்வளவு துல்லியமாக எந்த இசைக்கடையிலும் எனக்கு யாரும் சொன்னதில்லை. கொலுசுக்குப் போடுவதுபோல் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைக்கலாமா என்றேன். வெள்ளிக்குச் சரி, உள்ளே இரும்பு இருக்கிற கம்பிக்குத் தண்ணீரே ஆகாது என்று அவனே தடுத்துவிட்டான்.

அவன் சொன்னது சரி. கம்பியைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டெடுக்கும் வழக்கம் உலகம் முழுக்க பேஸ் வாசிப்பவர்களிடம் உண்டு. உயிர் வரும், ஆனால் சீக்கிரமே போய்விடும். நடுக்கம்பிக்குள் இறங்கும் ஈரம் துருவையும் கொண்டுவரும். அதுவும் எங்கள் வீட்டு போர் தண்ணீரில் உப்பு வேறு. அதனால் நான் பயன்படுத்துவது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். செல்போன் சர்வீஸ் செய்பவர்கள் போர்டு துடைக்க வைத்திருப்பார்களே, அதே ஐ.பி.ஏ. வாய் அகலமான ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கம்பிகளைத் தளர்வாக வளைத்துப் போட்டு, மூழ்கும் வரை ஊற்றி மூடி, ஓர் இரவு வைத்தால் காலையில் திரவம் டீ நிறத்துக்கு வந்திருக்கும். எடுத்துத் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் போட வேண்டும். திரவத்தை வடிகட்டி அடுத்த முறைக்கும் வைத்துக்கொள்ளலாம். இரண்டு எச்சரிக்கை. அது பெட்ரோல் மாதிரி பற்றிக்கொள்ளும் பொருள், அடுப்பங்கரையிலும் சாமி விளக்குப் பக்கத்திலும் வைக்கவே கூடாது. கிட்டாரின் பாலிஷில் ஒரு சொட்டும் படக்கூடாது. இன்னொன்று, ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் சுருதி கூட்டும் கீ பக்கம் வளைந்த இடம் பலவீனமாகும். ஒரு செட்டுக்கு இரண்டு குளியலுக்கு மேல் நான் கொடுப்பதில்லை.

இதையெல்லாம்விடப் பெரிய மிச்சம் ஒரு துண்டுத் துணியில் இருக்கிறது. வாசித்து முடித்த கையோடு பழைய பருத்தி வேட்டித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் சுற்றிப் பிடித்து, நட்டிலிருந்து (கழுத்தின் மேல் நுனியில் கம்பி உட்காரும் பட்டை) பிரிட்ஜ் வரை ஒரே இழுப்பாக இழுங்கள். கீச்சென்று சத்தம் வரும், துணியில் கறுப்புக் கோடு விழும். கோடு விழுவது நிற்கும் வரை இழுங்கள். அடிப்பக்கத்துக்குத் துணியைக் கம்பிக்குக் கீழே நுழைத்துத் தேய்க்க வேண்டும். எங்கள் ஊர் ஏப்ரல், மே வியர்வையில் இந்த வேலையை விட்டுவிட்டால் எந்தக் கம்பெனிக் கம்பியும் நாலு மாதம் தாண்டாது. வாசிப்பதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் அப்படித்தான். இடைவேளையில் தட்டுவடை செட் சாப்பிட்டுவிட்டு அதே கையோடு கிட்டாரை எடுக்கும் தம்பிகளைப் பார்த்தால் எனக்குக் கம்பிகள்மேல் இரக்கமாக இருக்கும்.

ஏற்காட்டு நிகழ்ச்சிகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். கீழே வெயிலில் சுருதி கூட்டிய கிட்டார், இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிக் குளிரில் திறந்ததும் சுருதி ஏறி நிற்கும். உலோகம் குளிரில் சுருங்குவதால் வருவது அது. கம்பியின்மேல் பழி போடாமல் அரை மணி நேரம் மேடையில் வைத்துவிட்டுச் சுருதி பாருங்கள். திறந்தவெளியில் மூடுபனி இறங்கினால் கம்பிமேல் பொடிப்பொடியாக ஈரம் உட்காரும். பாட்டுக்குப் பாட்டு துடைக்கத்தான் வேண்டும். இறங்கும்போதுதான் அதிக ஆபத்து. மலைக்குளிரில் சில்லிட்டுப்போன கிட்டாரை இரவு சேலத்தின் வெப்பக் காற்றில் உடனே திறந்தால் குளிர்ந்த உலோகத்தில் நீர் கோத்துக்கொள்ளும். பையை மூடியபடியே ஒரு மணி நேரம் வைத்து, பிறகு திறந்து துடைத்துவிட்டு வையுங்கள். செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் நாலைந்தைப் பையில் போட்டுவைத்தால் நல்லது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில. பெயர் பெற்ற கம்பி நம்ப முடியாத விலையில் ஆன்லைனில் கிடைத்தால் தொடாதீர்கள், போலி நிறைய உலவுகிறது. எங்கள் குழுவில் ஒருவருக்கு அப்படி வந்த பாக்கெட்டில் எழுத்துகள் கசங்கி அச்சாகியிருந்தன. டாடாரியோவில் பால் எண்டுகள் (கம்பி நுனியில் இருக்கும் உலோக வளையங்கள்) நிறம் நிறமாக இருக்கும். எந்த நிறம் எந்தக் கம்பிக்கு என்று பாக்கெட்டிலேயே போட்டிருக்கும், கம்பெனியின் தளத்தில் சரிபார்க்க ஒரு குறியீடும் உண்டு. அவருக்கு வந்ததில் இரண்டுமே பொருந்தவில்லை, திருப்பி அனுப்பிவிட்டார். சேலத்தில் பேஸ் செட் எப்போதும் இருப்பில் இருக்காது. யாராவது சென்னை போனால் அண்ணா சாலை மியூசி மியூசிக்கலில் வாங்கிவரச் சொல்லிவிடுவேன். 1842 முதல் இருக்கும் கடை. கடையில் கேட்கும்போது எலக்ட்ரிக் பேஸுக்கு என்று அழுத்திச் சொல்லுங்கள். அகூஸ்டிக் பேஸுக்கான வெண்கலச் சுற்றுக் கம்பியைக் கொடுத்துவிட்டால், நம் காந்த பிக்கப்பில் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பகுதி) சத்தம் நோஞ்சானாகத்தான் வரும். ஸ்கேல் நீளமும் பார்க்க வேண்டும்; 34 அங்குலத்துக்கு லாங் ஸ்கேல் என்று போட்டிருப்பது.

டாடாரியோ கிடைக்காதபோது எர்னி பாலின் ஹைப்ரிட் ஸ்லிங்கி போட்டேன், 45 முதல் 105. இ கம்பி கொஞ்சம் விறைப்பு. கீழ் நோட்டு திடமாக வருகிறது. ஆயுளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ரோட்டோசவுண்டின் ஸ்விங் பேஸ் 66 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். உருக்காலை இருக்கிற ஊர்க்காரனுக்கு ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காது என்று சொல்லித்தர வேண்டியதில்லை, வியர்வைக்கு நன்றாகவே தாங்கியது. ஆனால் விரலுக்குச் சொரசொரப்பு, ஃப்ரெட்டையும் சீக்கிரம் தேய்க்கும். விலை குறைந்த கிட்டாரில் ஃப்ரெட் மாற்றும் செலவு பல செட் கம்பிக்குச் சமம் என்பதால் அதைத் தொடரவில்லை.

மாட்டும்போது கம்பி முறுக்கேறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பால் எண்டை பிரிட்ஜில் கோத்தபின் கம்பியைத் தொங்கவிட்டால் முறுக்கு தானாக அவிழும். கீயைத் தாண்டி நாலைந்து அங்குலம் விட்டு, முதலில் மடக்கி, மடக்கிய இடத்துக்கு அப்பால்தான் வெட்ட வேண்டும். நேராக இருக்கும்போதே வெட்டினால் சுற்று உள்ளே தளர்ந்து, 2,000 ரூபாய் செட்டின் இ கம்பியும் பொத்தென்று ஆகிவிடும். சுருதி கூட்டியபின் நட்டுக்கும் சேடிலுக்கும் பக்கத்தில் கட்டைவிரலால் லேசாக அழுத்திவிட்டால் கம்பி படிந்து உட்காரும்.

கழற்றிய பழைய செட்டைத் தூக்கி எறிய வேண்டாம். துடைத்து, சிலிக்கா ஜெல்லோடு ஜிப் கவரில் போட்டுப் பையிலேயே வைத்திருங்கள். எங்கள் பக்கம் தனிக்கம்பி வாங்கக் கிடைப்பது அரிது. கச்சேரி நடுவே ஜி கம்பி அறுந்தால் அன்று இரவைக் காப்பாற்றுவது அந்தப் பழைய ஜி கம்பிதான். வாசித்துப் பழகிய கம்பி என்பதால் மற்ற மூன்றோடு சத்தமும் ஒத்துப்போகும்.