பொறியியலில் சறுக்கிய பிறகு மருத்துவம்: இங்கேயே மறுபடி நீட்டா, வெளிநாடா?

2018 ஜூலையில் என் கணக்கு இதுதான்: முதல் செமஸ்டரில் மூன்று அரியர், இரண்டாவதில் இன்னும் இரண்டு, நீட்டில் 231. பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் பி.எஸ்சி. முதலாண்டில் இருந்தாள். அவளுக்கும் அரியர், நீட்டில் 142. அந்த ஆண்டு தகுதி மதிப்பெண் பொதுப்பிரிவுக்கு 119, இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 96. ஆகவே வெளிநாட்டில் படிக்க அவளுக்கும் தகுதி இருந்தது, எனக்கும் இருந்தது. அவள் உக்ரைன் போனாள். நான் கல்லூரியை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். இன்று அதே இடத்தில் நின்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை: மதிப்பெண் ஏறும் என்ற அடையாளம் இருந்தால், இங்கேயே இன்னொரு முறை எழுதுங்கள்.

முதலில் அரியரைப் பற்றி. என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதுதான், ஆனால் மருத்துவச் சேர்க்கையில் அதற்கு வேலையே இல்லை. தரவரிசை நீட் மதிப்பெண்ணை வைத்துத்தான். பிளஸ் டூ மதிப்பெண் தகுதிக்கு மட்டும். பொறியியல் கணிதத்தில் நான் வாங்கிய 31-ஐக் கலந்தாய்வில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டது அசல் சான்றிதழையும் டி.சி.யையும்தான். எங்கள் கல்லூரி மீதி மூன்று வருடக் கட்டணத்தைக் கட்டினால்தான் அவற்றைத் தருவோம் என்றது. அப்பா நான்கு முறை நடந்து வாங்கினார். அசல் சான்றிதழைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக்கூடாது என்று யுஜிசி அதே 2018 அக்டோபரில் தெளிவாக அறிவித்தது. இப்போது விலகுகிறவர்கள் அதைச் சொல்லிக் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள்.

கல்லூரியில் இருந்துகொண்டே எழுதலாமே என்பார்கள். அப்படி எழுதியதுதான் அந்த 231. பகலில் பட்டறை, இரவில் டிராஃப்டரைப் பலகையில் மாட்டிக்கொண்டு பொறியியல் வரைபடம், அதற்கு மேல் விலங்கியல். மே 6-ம் தேதி எர்ணாகுளத்தில் தேர்வு மையம், முந்தின இரவு முழுக்க ரயில். அரியரும் சேர்ந்தது, மதிப்பெண்ணும் வரவில்லை. அந்த வழியைப் பற்றி எனக்கு இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

சரி, முழு நேரமாக உட்கார்ந்தபோது என்ன மாறியது? எங்கள் பள்ளியில் பிளஸ் ஒன் பாடத்தை நடத்தவே இல்லை. ஜூனிலேயே பிளஸ் டூ புத்தகத்தைத் தொடங்கி, இரண்டு வருடமும் அதையே உருப்போட வைத்தார்கள். நாமக்கல் பக்கம் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. வெக்டார், விசை, இயக்கம் எதுவும் மனதில் நிற்கவில்லை. பொறியியலில் நான் விழுந்ததும் நீட் இயற்பியலில் விழுந்ததும் ஒரே பள்ளத்தில்தான் என்று, நீட்டுக்கு மட்டும் படிக்க ஒரு வருடம் டிராப் எடுத்த பிறகே புரிந்தது. முதல் மூன்று மாதம் பிளஸ் ஒன் இயற்பியல் மட்டும் படித்தேன், பிறகு என்சிஇஆர்டியின் உயிரியல் பாடநூலை வரி வரியாக. 720-ல் 360 உயிரியலுக்கு என்பதால், அதை விட்டுவிட்டு மற்றதைத் துரத்துவதில் பொருளில்லை. டிசம்பரில் மாதிரித் தேர்வில் 400-ஐத் தாண்டினேன். 2019 மே மாதம் 512. அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தது. கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 15,000 ரூபாய்க்குள்.

அந்த ஒரு வருடம் லேசானதல்ல. கல்யாண வீடுகளுக்குப் போகவில்லை. அப்பாவுக்கு விசைத்தறி, நூல் விலை ஏறியிருந்த நேரத்தில் பயிற்சி மையத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் கட்டினார். "ஒரு வருசம் போனா போகுது கண்ணு, மறுபடி அதே மார்க்கு வந்தா மட்டும் எங்கிட்ட மறைக்காத" என்றார். மறைக்காதே என்றதுதான் என்னைப் படிக்க வைத்தது.

இப்போது வெளிநாடு. நான் அங்கே படித்ததில்லை, அவள் சொன்னதையும் பயிற்சி மருத்துவராக இருந்தபோது என்னோடு வேலை செய்த வெளிநாட்டுப் பட்டதாரிகள் சொன்னதையும் வைத்துத்தான் பேசுகிறேன். படிப்பு மோசம் என்று அவர்கள் யாரும் சொல்லவில்லை. உடற்கூறியலில் அவள் என்னைவிடத் தெளிவு. செலவு பெரிது: அவள் வீட்டில் 25 லட்சத்தைத் தாண்டியது. ஆனால் இங்கே தனியார் கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீட்டோடு வைத்துப் பார்த்தால் அது குறைவுதான். அதனால் பணத்தை நான் முடிவான காரணமாகச் சொல்ல மாட்டேன்.

முடிவான காரணம், திரும்பி வருவது. முகவர்கள் தரும் தாளில் ஐந்தாம் ஆண்டு, ஆறாம் ஆண்டு வரை இருக்கும். அதற்குப் பிறகு ஒன்றும் இருக்காது. வெளிநாட்டில் படித்தவர்கள் நம்மூரில் நோயாளியைத் தொட, அவர்களுக்கென்றே நடக்கும் எஃப்எம்ஜிஇ என்ற தகுதித் தேர்வில் 300-க்கு 150 எடுக்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டே முறை, ஜூன், டிசம்பர் பருவங்களில். பல பருவங்களில் எழுதியவர்களில் நான்கில் ஒருவர்கூடத் தேறியதில்லை. தேறிய பிறகு மாநில மருத்துவக் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு, அப்புறம் 12 மாதம் கட்டாயப் பயிற்சி. அந்தப் பயிற்சிக்கும் இடம் வேண்டும். ஒரு கல்லூரியில் உள்ள இடங்களில் 7.5 சதவீத அளவுக்கே கூடுதலாக வெளிநாட்டுப் பட்டதாரிகளைச் சேர்க்கலாம் என்று 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் வரம்பு வைத்தது. எனவே தேறினாலும் வரிசையில் நிற்க வேண்டும்.

அவளுக்குப் போர் வேறு வந்தது. 2022 பிப்ரவரியில் நான்காம் ஆண்டில் இருந்தாள். கார்கிவ் சுரங்க ரயில் நிலையத்தில் ஐந்து நாள், பிறகு எல்லை வரை ரயில், நடை, வீடு. சில மாதம் இணையவழி வகுப்பு, அதன் பின் ஜார்ஜியாவுக்கு மாற்றம். அதில் ஒரு விஷயம் எனக்கு மறக்கவே மறக்காது. வார்டில் நோயாளியிடம் கேட்க வேண்டியவற்றை அவள் ரஷ்ய மொழியில் மனப்பாடம் செய்திருந்தாள்: எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து, மூச்சு வாங்குகிறதா. ஜார்ஜியா போனதும் அதே கேள்விகளை இன்னொரு மொழியில், இன்னொரு எழுத்தில் முதலிலிருந்து கற்றாள். 2024-ல் பட்டம். டிசம்பர் பருவத்துக்காக 2025 ஜனவரியில் எழுதிய எஃப்எம்ஜிஇ-யில் 139. ஜூன் பருவத்துக்காக ஜூலையில் எழுதியதில் 158. இணையவழியில் கழிந்த மாதங்களுக்கு ஈடாக நேரில் படித்ததற்கான சான்றுக்கு மறுபடி அலைச்சல்.

போர் எல்லோருக்கும் வராது, ஒத்துக்கொள்கிறேன். போரைக் கழித்துப் பார்த்தாலும் ஆறு வருடப் படிப்பு, தேர்வு, காத்திருப்பு, பயிற்சி எல்லாம் அப்படியேதான் இருக்கும். நான் ஒரு வருடத்தை முன்னால் இழந்தேன், அது எத்தனை மாதம் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அவள் இழந்ததற்கு அப்படி ஒரு கணக்கு இல்லை. 2025-ல் நான் பயிற்சி முடித்து வெளியே வந்தபோது அவள் சென்னையில் ஒரு விடுதி அறையில் எஃப்எம்ஜிஇ-க்குப் படித்துக்கொண்டிருந்தாள். என்னைவிட ஒரு வருடம் முன்னால் தொடங்கியவள்.

2021 நவம்பருக்குப் பிறகு போகிறவர்களுக்கு விதி இன்னும் இறுக்கம்: குறைந்தது 54 மாதப் படிப்பு, ஆங்கில வழி, அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி, அந்த நாட்டிலேயே மருத்துவம் பார்க்க உரிமம் பெறும் தகுதி. எல்லாவற்றையும் 10 வருடத்துக்குள் முடிக்க வேண்டும். இந்த நான்கையும் முகவரிடம் கேட்காதீர்கள், பல்கலைக்கழகத்துக்கே மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள்.

அப்படியானால் யாருமே வெளிநாடு போக வேண்டாமா? இரண்டு முறை முழு நேரமாகப் படித்தும் மதிப்பெண் 300-லேயே நிற்கிறது, வீட்டில் கடன் வாங்காமல் பணம் இருக்கிறது, எஃப்எம்ஜிஇ-க்கு முதலாண்டிலிருந்தே படிக்கத் தயார் என்றால் போகலாம் என்றே சொல்வேன். மூன்றாவது, நான்காவது முறை நீட் எழுதுவது எப்படி இருக்கும் என்பதை நான் அனுபவித்ததில்லை. அதை ஊக்குவிக்க எனக்கு மனம் வரவில்லை. பிளஸ் டூவில் கணினி அறிவியல் எடுத்ததால் வழியே இல்லை என்று நினைப்பவர்களுக்கு: உயிரியலைக் கூடுதல் பாடமாகப் பின்னால் எழுதித் தேறினாலும் நீட் எழுதலாம் என்று 2023 நவம்பரில் அனுமதி வந்துவிட்டது. கல்லூரியை விடுவதற்கு முன் ஒரு முழு மாதிரித் தேர்வை மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதுங்கள். எந்தப் பாடத்தில் மதிப்பெண் போகிறது என்று பாருங்கள். எனக்குப் போல ஒரே இடத்தில் ஓட்டை இருந்தால் ஒரு வருடத்தில் அடைத்துவிடலாம்.

அவளுக்கு அடுத்த மாதம் பயிற்சி தொடங்குகிறது. போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, வார்டில் நான் வைத்திருந்த சின்ன நோட்டைக் கேட்டு வாங்கிப் போனாள். "நெஞ்சு கரிக்குது", "பொழுதோட காய்ச்சல்", "கை கால் அசதி" என்று எங்கள் பக்கத்து நோயாளிகள் சொல்வதையெல்லாம் அதில் எழுதி வைத்திருக்கிறேன்.