11 அடி டிங்கி: மண்டபத்தில் சில வருஷம் ஓட்டிய அனுபவம்

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் டிங்கி என்கிற சின்னப் பாய்ப்படகு வைத்திருப்பவர் முதலில் பார்ப்பது காற்றைத்தான். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும், வடகடல் (பாக் விரிகுடா) குளம் மாதிரி கிடக்கும். ஐப்பசிக்குப் பிறகு வாடை என்கிற வடகிழக்குக் காற்று இறங்கினால் அப்படியே தலைகீழ். அதனால் நீளம், பாய் என்றெல்லாம் விசாரிப்பதற்கு முன்னால் எடையைக் கேளுங்கள். என்னுடைய பைபர் டிங்கி வெறும் உடம்பு 80 கிலோ சொச்சம், நாலு பேர் தூக்கிக் குட்டியானையில் ஏற்றினால் கடல் மாறிவிடலாம். 14 அடியும் ஓட்டிப் பார்த்தேன், ஓட்டம் அருமை, ஆனால் பருவத்துக்குப் பருவம் அதைத் தூக்க ஆள் தேடி அலைய வேண்டும்.

உறுதி பார்க்கிறேன் என்று எல்லோரும் பக்கத்தைத் தட்டுகிறார்கள். குனிந்து ஏராவை, அதாவது படகின் அடித்தண்டைப் பாருங்கள், மணலில் இழுத்து இழுத்துத் தேய்வது அதுதான். மேல்பூச்சு போய் நார் தெரிந்தால் தண்ணீர் ஊற ஆரம்பிக்கும். கட்டும்போதே அங்கே இரண்டு அடுக்கு கண்ணாடிநார் மேட் கூடுதலாகப் போட்டுவாங்கினேன், இன்னும் தாங்குகிறது. பிளாஸ்டிக் டிங்கி பாறையில் இடித்தாலும் தாங்கும், சரி, ஆனால் கிழிந்தால் ரெசின் அதில் ஒட்டாது; பைபர் என்றால் இந்தக் கரையில் ஒட்டித் தர ஆளுக்குப் பஞ்சமில்லை.

அப்புறம் நடுப்பலகை, படகு பக்கவாட்டில் தள்ளிப்போகாமல் இருக்க அடியில் இறக்கும் பலகை. நேராக மேலே உருவும் வகை இங்கே வேண்டாம். 1962இல் வடிவமைத்த மிரர் டிங்கியில் அதுதான் இருக்கிறது, நல்ல படகு, ஆழத்தில் ஓட்டுகிறவர்களுக்குச் சரி. வடகடலில் கரையை விட்டு வெகுதூரம் போனாலும் இடுப்பளவு தண்ணீர்தான், பலகை திட்டில் முட்டினால் அது இறங்கும் கூடே விரிசல் விடும். கீல் போட்டு மடங்கும் பலகை தட்டியதும் தானே மேலே ஏறிக்கொள்ளும். தொல்லை ஒன்று உண்டு: கரையேற்றும்போது பிளவில் மணலும் சிப்பித் துண்டும் சிக்கிப் பலகை இறங்காது, தட்டையான மூங்கில் பத்தை ஒன்றைப் படகிலேயே போட்டு வைத்திருக்கிறேன்.

துடுப்பைக் கடைக்காரர் கொடுக்கிற நீளத்தில் வாங்காதீர்கள். 4 அடி அகலப் படகுக்கு ஏழரையிலிருந்து 8 அடி வேண்டும், 6 அடித் துடுப்பில் எதிர்காற்றில் கை ஓய்ந்துவிடும். மாலையில் காற்று விழுந்துவிட்டால் துடுப்புதான் கதி என்பதால் இதில் காசு பார்க்காதீர்கள்.

பாய் லக் வகை, சாய்ந்த கழியில் தொங்கும் நாலு மூலைப் பாய். பாய்மரம் குட்டை, இழுத்துக் கட்டக் கயிறு எதுவும் வேண்டாம், சுருட்டினால் படகுக்குள்ளேயே அடங்கும். காற்றை எதிர்த்து ஏறுவதில் முக்கோணப் பாய் அளவுக்கு வராது, எனக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. வெயிலில் துணிக்கு முன்னால் தையல் நூல்தான் போகும், ஓட்டாத நாளில் மூடி வையுங்கள். அலுமினியப் பாய்மரத்தில் இரும்பு ரிவிட் அடித்திருந்தால் சுற்றிலும் வெள்ளைப் பொடி பூக்கும், நானே பிடுங்கி மாற்றினேன்.

தீவுப் பக்கம் ஒதுங்கலாம் என்று வாங்க வராதீர்கள், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது.

இப்போதைக்கு மிச்சமிருப்பது சுக்கான். மடங்காத வகை, கடற்புல் சுற்றிக்கொண்டால் ஒவ்வொரு முறையும் கடையாலில் (படகின் பின்பக்கம்) தொங்கிப் பிடுங்க வேண்டியிருக்கிறது. அடுத்த வாடைக்குள் மடங்குகிற சுக்கான் போட ஆசாரியிடம் சொல்லியிருக்கிறேன்.